அப்பாவின் மறதி: பகலை விட்டுவிட்டு முதலில் இரவைப் பாருங்கள்

கேட்டவரின் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 67 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். சர்க்கரை வந்து 18 வருடம் ஆகிறது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, காலையிலும் இரவிலும். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 6.3. ஆறேழு மாதமாக மறதி. சொன்னதையே திரும்பச் சொல்கிறார், பால் கணக்கு போடத் தடுமாறுகிறார், பேப்பரைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிடுகிறார். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். குறட்டை பக்கத்து அறை வரை கேட்கிறது. "இது அல்சைமரா? சர்க்கரைதான் கண்ட்ரோலில் இருக்கிறதே? நல்லாத் தூங்கினால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. தூக்க மாத்திரை கொடுக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில்: கொடுக்காதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இருபத்து சொச்சம் வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். இப்படி ஒரு அப்பாவை யாராவது அடிக்கடி அழைத்து வருகிறார்கள். பகலில் நடப்பதை ஒன்றுவிடாமல் சொல்வார்கள். மூக்குக் கண்ணாடியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தது, மூத்த பேரனைச் சின்னவன் பெயரில் கூப்பிட்டது, எல்லாம் வரும். இரவு எப்படி என்று கேட்டால், "அதெல்லாம் நல்லாத் தூங்குவார் சார், குறட்டை விட்டுத் தூங்குவார்" என்பார்கள். நம் ஊரில் குறட்டை நல்ல தூக்கத்துக்குச் சாட்சி. என் அனுபவத்தில் மறதியோடு வரும் சர்க்கரைக்காரர்களிடம் சரிசெய்யக்கூடிய கோளாறுகள் பாதிக்கு மேல் இரவில்தான் ஒளிந்திருக்கின்றன.

முதலில் சர்க்கரைக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்று பார்த்துவிடலாம். மூளை நம் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அந்தச் சக்தி பெரும்பாலும் இரத்தத்தில் வரும் குளுக்கோஸிலிருந்து கிடைப்பது. மூளைக்குள் பெரிய சேமிப்பு கிடையாது, அன்றாடம் காய்ச்சி மாதிரிதான். குளுக்கோஸ் சட்டென்று குறைந்தால் சில நிமிடத்தில் குழம்பிப்போகும். வருடக்கணக்கில் அதிகமாக இருந்தால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடும். கண்ணின் விழித்திரையில், சிறுநீரகத்தில் என்ன நடக்கிறதோ அதேதான் மூளையின் உள்பகுதிக் குழாய்களிலும் நடக்கிறது. கண்ணை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிடலாம், மூளையை அப்படிப் பார்க்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் வயதானவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மறதிநோய், அதாவது டிமென்ஷியா, வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று 1999-ல் எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகளும் அளவில் முன்னே பின்னே இருந்தாலும் அதே திசையில்தான் போகின்றன. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது 2021-ல் பிரிட்டன் அரசு ஊழியர்களை வைத்து வெளிவந்த கணக்கு. சர்க்கரை எத்தனை வயதில் ஆரம்பித்தது என்பதைப் பொறுத்து ஆபத்து மாறுகிறது. 70 வயதுக்காரர்களை ஒப்பிட்டால், பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரையோடு இருந்தவர்களுக்கு, அது இல்லாதவர்களைவிட மறதிநோய் ஆபத்து இரு மடங்குக்கும் மேல். அறுபத்தைந்துக்குப் பிறகு வந்தவர்களிடம் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. நம்மவர்களுக்குச் சர்க்கரை வெள்ளைக்காரர்களைவிட ஏறக்குறைய பத்து வருடம் முன்னாலேயே வந்துவிடுகிறது. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற நாடு தழுவிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. உங்கள் அப்பாவுக்கு 49-ல் வந்திருக்கிறது. உங்களுக்கு என்ன வயது என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் நீங்களும் ஒரு தடவை டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்.

அல்சைமரை 'டைப் 3 சர்க்கரை நோய்' என்று சொல்லும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. 2005 வாக்கில் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. மூளைக்குள் இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் அல்சைமரின் ஒரு பகுதி என்ற கருத்துக்கு ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட நோயின் பெயர் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது பொடியோ கஷாயமோ விற்றால் வாங்காதீர்கள்.

சரி, அந்த 6.3-க்கு வருவோம். வீட்டில் எல்லோரும் பெருமைப்படும் எண் அதுவாகத்தான் இருக்கும். எனக்கு அதுதான் கவலை.

எச்பிஏ1சி ஒரு சராசரி. 6.3 என்றால் மூன்று மாதமாகச் சர்க்கரை சராசரியாக ஏறக்குறைய 134-ல் இருந்திருக்கிறது என்று அர்த்தம். நாள் முழுக்க 120-க்கும் 150-க்கும் நடுவில் இருந்தாலும் 134 வரும். மத்தியானம் 220, நடு இரவில் 48 என்று ஆடினாலும் அதே 134 வரும். ரிப்போர்ட்டில் இரண்டும் ஒரே மாதிரி அழகாகத் தெரியும். கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரை, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். அறுபத்தேழு வயதில், சிறுநீரகம் கொஞ்சம் மந்தமாகியிருந்தால், அதன் வேலை இன்னும் நீளும். இரவு மாத்திரையைப் போட்டுவிட்டு, "பசியில்லை, ரெண்டு இட்லி போதும்" என்று படுக்கிறவர்களுக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்குகிறது.

பகலில் இறங்கினால் கை நடுங்கும், படபடக்கும், ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார். தூக்கத்தில் உடலின் அந்த எச்சரிக்கை மணி மெதுவாகத்தான் அடிக்கும். பல வருடச் சர்க்கரைக்காரர்களுக்கு அடிக்காமலே போகும். என்னிடம் வந்த ஒரு பெரியவரின் மனைவி, "இவருக்குத் தலையணை உறை தினமும் நனைஞ்சுடுது, ஃபேன் ஓடினாலும் வேர்க்குது" என்று போகிறபோக்கில் சொன்னார். வீட்டிலிருந்த குளுக்கோமீட்டரில் அதிகாலை மூன்று மணிக்குக் குத்திப் பார்க்கச் சொன்னேன். முதல் இரவு 91. இரண்டாம் இரவு 52. 70-க்குக் கீழ் போனாலே லோ சுகர், 54-க்குக் கீழே என்றால் மூளைக்குப் போதவில்லை என்று பொருள். இரவு மாத்திரையை மாற்றி மூன்று வாரம் கழித்து வந்தார். ஞாபகசக்தி அப்படியே திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காலையில் எழுந்ததும் வரும் தலைவலியும், பதினொரு மணி வரை நீடித்த அந்த மந்தமும் போயிருந்தன.

2009-ல் வட கலிஃபோர்னியாவில் 16,667 சர்க்கரை நோயாளிகளின் கோப்புகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. சராசரி வயது 65. ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு ஒரு தடவை சர்க்கரை இறங்கியவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பு 26 சதவீதம் கூடுதல். மூன்று தடவையோ அதற்கு மேலோ என்றால் ஏறக்குறைய இரு மடங்கு. அப்படியானால் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் மூளை பிழைக்குமா என்பதையும் சோதித்துவிட்டார்கள். அக்கார்டு என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் ஒரு பிரிவினருக்கு எச்பிஏ1சியை 6-க்குக் கீழ் கொண்டுவர முயன்றார்கள். அந்தப் பிரிவில் இறப்பு அதிகமானதால் 2008-ல் அதை நிறுத்த வேண்டி வந்தது. அதே ஆய்வில் கிட்டத்தட்ட 3,000 பேரின் யோசிக்கும் திறனை 40 மாதம் கழித்துச் சோதித்தபோது, இறுக்கிப் பிடித்தவர்களுக்கு எந்த மேன்மையும் தெரியவில்லை. வயதானவர்களுக்கு இலக்கைத் தளர்த்தச் சொல்வது இதனால்தான். ஆரோக்கியமாக இருக்கும் முதியவருக்கு 7 முதல் 7.5, பல நோய்களோடு இருப்பவருக்கு 8 வரை என்றே இப்போதைய வழிகாட்டுதல்கள் போகின்றன. உங்கள் டாக்டரிடம் "இன்னும் குறைக்கணுமா?" என்று கேட்காதீர்கள். "இது ரொம்பக் குறைவா சார்?" என்று கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், அது வேறு வம்பு.

அடுத்தது குறட்டை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இன்று இரவு அப்பா நன்றாகத் தூங்கிய பிறகு, மல்லாந்து படுத்திருக்கும்போது, பத்து நிமிடம் செல்போனில் வீடியோ எடுங்கள். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கிறதா பாருங்கள். நின்ற பிறகு அறையே அமைதியாக இருக்கும். ஆனால் நெஞ்சும் வயிறும் காற்றை இழுக்கப் போராடிக்கொண்டிருக்கும். பதினைந்து, இருபது விநாடி கழித்து ஒரு பெரிய கனைப்போடு மூச்சு திரும்பும், உடம்பு ஒரு உதறு உதறும், மறுபடி குறட்டை தொடங்கும். இதுதான் தூக்கத்தில் மூச்சுத் தடை, ஆங்கிலத்தில் ஸ்லீப் ஆப்னியா என்பார்கள். தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப் பாதையை அடைத்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் மூளை விழித்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. மணிக்கு 30 தடவைக்கு மேல் என்றால் கடுமையானது என்று கணக்கு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை யாரோ உங்களைத் தட்டி எழுப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள், ஏழு மணி நேரத்தில் 210 தடவை. பேப்பரைப் பிடித்துக்கொண்டே ஏன் தூங்கிவிடுகிறார் என்று புரிகிறதா?

சர்க்கரையும் இதுவும் ஒட்டிப்பிறந்தவை மாதிரி. உடல் பருமனும் சர்க்கரையும் உள்ள 306 அமெரிக்கர்களுக்குத் தூக்கச் சோதனை செய்தபோது 86 சதவீதம் பேரிடம் இது இருந்தது, பெரும்பாலானோருக்கு அதுவரை தெரியாது. "எங்கப்பா ஒல்லிதானே" என்று விட்டுவிட முடியாது. நம்மவர்களுக்குத் தாடை அமைப்பாலும் கழுத்து, வயிற்றுக் கொழுப்பாலும் எடை குறைவாக இருக்கும்போதே இது வருகிறது. சட்டைக் காலர் அளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்படலாம்.

இப்போது அந்தச் சிறுநீர் விஷயம். "அடிக்கடி எழுந்து போவதால் தூக்கம் கெடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பல சமயம் கதை தலைகீழ். அடைத்த தொண்டைக்கு எதிராக நெஞ்சு காற்றை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் மாறி இதயத்தின் மேல் அறை இழுபடுகிறது. உடலில் நீர் அதிகம் இருப்பதாக எண்ணி இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. 'நீரை வெளியேற்று' என்று சிறுநீரகத்துக்கு அது இடும் கட்டளை. இவரும் எழுந்து போகிறார். ப்ராஸ்டேட் மாத்திரையை வருடக்கணக்கில் போட்டும் குறையாத இரவுச் சிறுநீர், மூச்சுத் தடையைச் சரிசெய்த வாரத்திலேயே குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை 200-ஐத் தாண்டினாலும், ப்ராஸ்டேட் வீங்கினாலும் இப்படித்தான் எழுவார், அதையும் பார்க்க வேண்டும். ஆனால் 6.3 சராசரியோடு இருப்பவர் நான்கு தடவை எழுகிறார் என்றால் எனக்கு முதல் சந்தேகம் தொண்டை மேல்தான்.

மூளைக்கு இதனால் என்ன? 2011-ல் சராசரி 82 வயதுள்ள 298 அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வைச் சொல்கிறேன். தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்தவர்களில் 44.8 சதவீதம் பேருக்கு ஐந்து வருட அளவில் அறிவுத்திறன் குறைபாடோ மறதிநோயோ வந்தது, இல்லாதவர்களில் 31.1 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, மொத்தத் தூக்க நேரமோ அடிக்கடி விழிப்பதோ அவ்வளவு தொடர்பு காட்டவில்லை. ஆக்சிஜன் குறைந்ததுதான் காட்டியது.

தூக்கமின்மை பிறகு சர்க்கரைக்கே திரும்பி வருகிறது. 1999-ல் சிகாகோவில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவு, இரவுக்கு நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் அவர்களுக்குத் தெளிவாகவே குறைந்தது. ஆறே இரவில்! மூச்சுத் தடையோடு பத்து வருடம் தூங்குகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் அட்ரினலின் பீறிடுகிறது, அது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார். கூட்டிய மாத்திரை ஒரு இரவு சர்க்கரையை இறக்கிவிடுகிறது.

தூக்கத்தில் மூளை கழிவை அலசி வெளியேற்றுகிறது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். 2013-ல் எலிகளில் செய்த ஆய்விலிருந்து வந்த கருத்து அது, மிகவும் பிரபலமானது. 2024-ல் லண்டனில், அதுவும் எலிகளில்தான், நடந்த இன்னோர் ஆய்வு நேர் எதிரான முடிவைச் சொன்னது. சண்டை இன்னும் ஓயவில்லை. ஐம்பது, அறுபது வயதில் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு மறதிநோய் ஆபத்து 30 சதவீதம் கூடுதல் என்று பிரிட்டன் ஆய்வு 2021-ல் சொன்னது, அது மனிதர்களிடம் 25 வருடம் பார்த்தது. ஆனாலும் மறதிநோய்க்கான மாற்றக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் வெளியிட்ட 14-ல் சர்க்கரை இருக்கிறது, தூக்கம் இல்லை. காரணம், மூளை கெட ஆரம்பிப்பதாலும் தூக்கம் கெடும். எது முந்தியது என்று பிரிப்பது கஷ்டம். என் கருத்தைக் கேட்டால், மூச்சுத் தடையைப் பொறுத்தவரை அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பகல் தூக்கத்துக்குமே அதைப் பார்த்தாக வேண்டும்.

இப்போது தூக்க மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் பெரும்பாலும் அல்பிரசோலம் வகையறா கிடைக்கும், அல்லது "ஒரு அவில் போட்டுக்கச் சொல்லுங்க" என்பார்கள். முதல் வகை தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மூச்சு நின்றால் மூளை விழிப்பதையும் தாமதமாக்கும். இரவில் நான்கு தடவை எழுகிறவர் அந்த மயக்கத்தில் பாத்ரூம் வாசலில் விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். அவில் அலர்ஜி மாத்திரை, ஞாபகத்துக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தையே தடுக்கும் மருந்து. ஏற்கெனவே மறக்கிறவருக்கு அதைக் கொடுக்கலாமா? மாத்திரை போட்டால் வீடு அமைதியாகும், அதனால் குணமாகிவிட்டது என்று தோன்றும், அவ்வளவுதான்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையும், சைவமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். மறதி, கால் எரிச்சல் இரண்டுக்குமே அது காரணமாகலாம், ஊசி போட்டுச் சரிசெய்யலாம். தைராய்டு, சோடியம், கிரியாட்டினின் பாருங்கள். காது சரியாகக் கேட்கிறதா பாருங்கள், கேட்காததை மறந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற பிறகு மனச்சோர்வா என்றும் கேட்க வேண்டும். இரத்த அழுத்தம் மிக முக்கியம்.

அல்சைமரா என்ற கேள்விக்கு இங்கிருந்தபடி பதில் சொல்ல முடியாது. ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன், இதை வைத்து நீங்களே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு வெள்ளைத்தாளில் ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொல்லுங்கள். சிலர் பெரிய முள்ளை இரண்டில் வைப்பதற்குப் பதிலாகப் 'பத்து' என்ற எண்ணின் மேலேயே வைப்பார்கள். கணக்கு வாத்தியார் ஒருவர் அப்படி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், தப்பு என்று தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை. பிறகு அந்த மூன்று சொற்களைக் கேளுங்கள். சர்க்கரையாலும் தூக்கத்தாலும் வரும் குறையில் பெரும்பாலும் வேகமும் திட்டமிடலும்தான் முதலில் அடிபடும். "மல்லிகைன்னு ஒரு வார்த்தை சொன்னேனே" என்று எடுத்துக்கொடுத்தால் நினைவு வந்துவிடும். அல்சைமரில் எடுத்துக்கொடுத்தாலும் வராது. இது பொது விதி மட்டுமே, இரண்டும் சேர்ந்து இருப்பவர்கள் நிறைய. முறையான பரிசோதனையை நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் மருத்துவரிடமோ தமிழிலேயே செய்துகொள்ளலாம்.

ஆக, டாக்டரிடம் போகும்போது மூன்று பொருள் கொண்டு போங்கள். குறட்டை வீடியோ. நான்கைந்து இரவு மூன்று மணிக்குக் குத்திப் பார்த்த சர்க்கரை எண்கள், அன்றிரவு என்ன சாப்பிட்டார் என்ற குறிப்போடு. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளும், சளிக்கு வாங்கியது உட்பட. பிறகு தூக்கச் சோதனை எழுதித் தருவார், இப்போது வீட்டிலேயே ஓர் இரவு கருவியை மாட்டிச் செய்கிறார்கள். மூச்சுத் தடை உறுதியானால் சிபாப் என்ற கருவி. மூக்கில் மாட்டிக்கொள்ளும் முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். முதல் பத்து நாள் திட்டுவார், பிடுங்கிப் போடுவார். வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், முகமூடி அளவு சரியில்லாததால் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை மாட்டினால் ஞாபகம் திரும்பிவிடும் என்று நம்பிக்கை கொடுக்க மாட்டேன். பெரிய ஆய்வுகளில் யோசிக்கும் திறனில் கிடைத்த பலன் சிறியதுதான். பகல் மந்தம் நீங்குவதை மட்டும் பெரும்பாலும் பார்க்கலாம்.

கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், "இன்னும் ஸ்கூட்டரில்தான் கடைத்தெருவுக்குப் போகிறார்" என்று. சோதனைகள் முடியும்வரை அதை நிறுத்தி வையுங்கள். பகலில் தூங்கி விழுகிறவர், சர்க்கரை இறங்கினால் தெரியாதவர், இரண்டில் எதுவாக இருந்தாலும் சிக்னலில் நிற்பது ஆபத்து. சாவியைப் பிடுங்கினால் சண்டை வரும். "டாக்டர் ஒரு மாசம் வேண்டாம்னார்" என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.